வெயிலுக்குப் பயந்து காற்றைக் குறைக்காதீர்கள்

(முக்கொம்பில் வாடகைக் கார் ஓட்டுநர்களும் சொந்த வண்டி வைத்திருக்கும் குடும்பத்தினரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கோடை தொடங்கிவிட்டால் திருச்சியில் எந்தப் பஞ்சர் கடையில் நின்றாலும் ஒரு பேச்சைக் கேட்கலாம். “வெயில் காலம்ணே, ஓட ஓட காத்து சூடாகி வெடிச்சிரும். ரெண்டு மூணு பாயிண்ட் கம்மியாவே வச்சுக்கங்க.” சொல்கிறவர் நம் மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார். கேட்கிறவருக்கும் அது நியாயமாகவே படுகிறது. சூடானால் காற்று விரியும் என்று எல்லோரும் பள்ளியில் படித்தவர்கள்தானே. ஆனால் டயர் விஷயத்தில் இந்த யோசனை நேர் எதிரான பலனைத் தருகிறது. இன்று நான் வந்திருப்பதே முக்கியமாக இதை மறுத்துப் பேசத்தான்.

அந்தப் பள்ளிப் பாடத்தையே எடுத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடுவோம். காலையில் 28 டிகிரியில் 33 பாயிண்ட் காற்று பிடித்திருக்கிறீர்கள். நண்பகலில் தார்ச்சாலை 60 டிகிரிக்கு மேல் கொதிக்கிறது. வண்டி ஓட ஓட டயருக்குள் இருக்கும் காற்று 65 டிகிரிக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது அழுத்தம் ஏறக்குறைய 39 பாயிண்ட். ஆறு பாயிண்ட்தான் கூடியிருக்கிறது. டயரின் பக்கவாட்டில் உச்ச அழுத்தம் எவ்வளவு என்று அச்சிட்டிருப்பார்கள். சாதாரணக் கார் டயரில் 44 என்றோ 51 என்றோ இருக்கும். அதைவிடவும் மிக அதிகமான அழுத்தத்தைத் தாங்கும்படிதான் நல்ல டயரின் உடல் கட்டப்பட்டிருக்கிறது. குளிர்ந்த நிலையில் 33 வையுங்கள் என்று கார் தயாரித்தவர் எழுதும்போது, ஓட்டத்தில் ஏறப்போகும் இந்த ஆறு பாயிண்டையும் சேர்த்து யோசித்துத்தான் எழுதுகிறார்.

இனி, பயந்துபோய் 25 பாயிண்டுக்கு இறக்கிய டயரைப் பார்ப்போம். ஆட்களோடு சேர்த்து 1400 கிலோ எடையுள்ள கார். ஒரு சக்கரத்துக்குச் சுமார் 350 கிலோ. அந்த எடையைச் சுமப்பது பெரும்பாலும் உள்ளே இருக்கும் காற்றுதான். 33 பாயிண்ட் இருந்தால் டயர் சாலையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 150 சதுர சென்டிமீட்டர். 25 என்றால் 200 சதுர சென்டிமீட்டர். கூடுதலான அந்த 50-ஐ டயர் எப்படிக் கொடுக்கிறது? அமுங்கி, தன் பக்கச் சுவரை இன்னும் அதிகமாக மடித்துத்தான் கொடுக்கிறது. 185/65 ஆர் 15 அளவுள்ள டயர் 100 கிலோமீட்டர் வேகத்தில் வினாடிக்கு 14 சுற்றுச் சுற்றும். பக்கச் சுவரின் ஒவ்வோர் இடமும் வினாடிக்கு 14 தடவை மடங்கி நிமிர வேண்டும். இங்கிருந்து சென்னை போய்ச் சேர்வதற்குள் ஒன்றரை லட்சம் தடவைக்கு மேல் ஆகிவிடும். மடங்கும்போது வாங்கிய சக்தியை ரப்பர் நிமிரும்போது முழுதாகத் திருப்பித் தருவதில்லை. மிச்சம் சூடாக உள்ளே தங்குகிறது. ரப்பர் சூட்டை எளிதில் வெளியே விடாது. ஆகவே கையால் தொட்டுப் பார்த்து ‘பரவாயில்லை’ என்று முடிவு கட்டாதீர்கள். நீங்கள் தொடுவது மேல் தோலை மட்டும்தான்.

சூடு போய்ச் சேரும் இடம் ஒன்று உண்டு. சாலையைத் தொடும் பள்ளமும் மேடுமான பகுதியைத்தான் பட்டன் என்கிறோம். அந்தப் பட்டனுக்கு அடியில், ரப்பருக்குள் புதைந்து, இரண்டு அடுக்கு எஃகுக் கம்பிப் பட்டை இருக்கிறது. கம்பியையும் ரப்பரையும் பிணைத்திருப்பது தொழிற்சாலை அச்சில் வேகவைத்தபோது உண்டான பிணைப்பு. நமக்குப் பக்கத்திலேயே, பெரம்பலூர் மாவட்டம் நாரணமங்கலத்தில், எம்.ஆர்.எஃப். தொழிற்சாலை இருக்கிறது. அங்கே நடப்பதும் 1839-இல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்த வேலையின் வளர்ச்சிதான்: ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூட்டில் வேகவைப்பது. அளவான சூட்டில் உண்டான பிணைப்பு, அளவு மீறிய சூட்டில் விட்டுப்போகிறது. முதலில் பட்டையின் ஓரத்தில், மயிரிழை அளவுக்கு. பிறகு ஒவ்வொரு பயணத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக. கடைசியில் ஒரு நாள் நல்ல வேகத்தில் போகும்போது மேல் தோல் முழுவதும் உரிந்துகொண்டு போகிறது. அன்றைய வெயிலைத்தான் எல்லோரும் குற்றம் சொல்வார்கள். அந்த டயரின் சாவு பல மாதங்களுக்கு முன்பே தொடங்கியிருக்கும்.

சமயபுரம் தாண்டிப் பெரம்பலூர் போகும் சாலையோரத்தில் கிடக்கும் நீள நீளமான ரப்பர் தோல்களைப் பார்த்திருப்பீர்கள். “ரீட்ரெட் டயர், அதான் கழண்டுபோச்சு” என்பது வழக்கமான தீர்ப்பு. தேய்ந்த டயரின் மேல் புதுத் தோல் ஒட்டியதுதான் ரீட்ரெட். ஒழுங்காகச் செய்த ரீட்ரெட் டயரைக் குறை சொல்ல நான் தயாரில்லை. லாரிகளும் பேருந்துகளும் அதை நம்பித்தான் ஓடுகின்றன. வேறொரு காரணத்தைப் பாருங்கள். லாரியின் பின்புறம் இரட்டைச் சக்கரம். இரண்டில் ஒன்றில் காற்று இறங்கினாலும் வெளியே தெரியாது. பக்கத்துச் சக்கரம் தாங்கிக்கொள்ளும். அப்படியே 200 கிலோமீட்டர் ஓடினால் புது டயரின் தோலும் உரியும்.

இதை உலகமே பாடமாகப் படித்த ஒரு சம்பவம் உண்டு. அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் பொருத்தியிருந்த ஃபயர்ஸ்டோன் டயர்கள் ஓடும்போதே தோல் உரிந்தன, வண்டிகள் கவிழ்ந்தன. 2000 ஆகஸ்டில் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அந்த விபத்துகளில் மொத்தம் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். விபத்துகள் அந்த நாடு முழுவதும் சீராகப் பரவியிருக்கவில்லை. அரிசோனா, டெக்சாஸ், ஃப்ளோரிடா போன்ற வெப்பமான தென்மாநிலங்களிலேயே குவிந்திருந்தன. டயரின் வடிவமைப்பிலும் தயாரிப்பிலும் குறை இருந்தது உண்மை. அதோடு, அந்த வண்டிக்கு ஃபோர்டு சொல்லியிருந்த காற்று 26 பாயிண்ட்தான். டயர் நிறுவனம் பின்னர் 30 வைக்கச் சொன்னது. குறைவான காற்று, நிறைய சுமை, நெடுநேர வேகம், சுட்டெரிக்கும் சாலை ஆகிய நான்கும் ஒன்றாகச் சேர்ந்தால் பலவீனமான டயர் பிழைக்காது. டயரில் காற்று குறைந்தால் எச்சரிக்கும் கருவி புதுக் கார்களில் கட்டாயம் வேண்டும் என்று அமெரிக்கா சட்டம் போட்டதே இதற்குப் பிறகுதான்.

அந்த நான்கும் நம் ஊரில் எவ்வளவு எளிதாக ஒன்றுசேர்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். சித்திரை மாதம். ஏழு பேர் உட்காரும் வண்டியில் ஒன்பது பேர். மேலே கேரியரில் பைகள், அடுப்பு, பாத்திரம். வேளாங்கண்ணிக்கோ ராமேஸ்வரத்துக்கோ நடுப்பகலில் பயணம். ‘வெயிலாச்சே’ என்று காற்றில் மூன்று பாயிண்ட் குறைவு. இதில் பயணம் செய்வது நம் பிள்ளைகள்.

டயர் வெடித்தால் ‘விதி’ என்று சொல்லிவிடும் பழக்கம் நமக்கு உண்டு. காப்பீட்டு நிறுவனம் ஒன்று கிட்டத்தட்ட அதையே நீதிமன்றத்தில் சொல்லிப் பார்த்தது. 2010 அக்டோபரில் புனேயிலிருந்து மும்பை போய்க்கொண்டிருந்த கார், பின் டயர் வெடித்துப் பள்ளத்தில் விழுந்து ஒருவர் இறந்தார். அவர் குடும்பத்துக்குத் தீர்ப்பாயம் 1.25 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கியது. டயர் வெடித்தது கடவுள் செயல், நாங்கள் பொறுப்பல்ல என்று நிறுவனம் மேல்முறையீடு செய்தது. 2023-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அதிவேகம், குறைந்த காற்று, அதிகக் காற்று, பழைய டயர், வெப்பநிலை என்று டயர் வெடிப்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன. புறப்படும் முன் டயரைப் பார்க்க வேண்டியது ஓட்டுகிறவரின் கடமை. இதைக் கடவுள் தலையில் கட்ட முடியாது என்றது. இந்தத் தீர்ப்பை ஒவ்வொரு டாக்ஸி ஸ்டாண்டிலும் ஒட்டிவைக்க வேண்டும் என்பேன்.

வெப்பம் தாங்கும் திறனை டயரிலேயே எழுதியிருக்கிறதே என்று சிலர் கேட்கக்கூடும். அமெரிக்கச் சந்தைக்கும் சேர்த்துத் தயாரான டயர்களில் ட்ரெட்வேர், ட்ராக்ஷன், டெம்பரேச்சர் என்று மூன்று குறிப்புகள் இருக்கும். டெம்பரேச்சர் என்பதற்கு நேரே ஏ, பி, சி என்று ஓர் எழுத்து. ஆய்வுக்கூடத்தில் உருளையின் மேல் டயரை ஓட்டிப் பார்த்துத் தரும் தரம் அது. மணிக்குச் சுமார் 185 கிலோமீட்டருக்கு மேலும் தாங்கினால் ஏ. 160-க்கும் 185-க்கும் இடையில் பி. சி என்பது சட்டம் கேட்கும் குறைந்தபட்சத் தகுதி. நம் வெயிலுக்கு ஏ வாங்குவது நல்லது. ஆனால் இந்தத் தரத்தோடு ஒரு நிபந்தனையும் எழுதப்பட்டிருக்கிறது: சரியான காற்றும் அளவான சுமையும் இருந்தால் மட்டுமே இந்த எழுத்து செல்லும். காற்றை இறக்கிவிட்ட மறு நிமிடம் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ஏ உங்களிடம் இல்லை. ட்ரெட்வேர் எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. எண் பெரிதானால் டயர் அதிக நாள் உழைக்கும் என்று பொருள். அந்த ஒன்றை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். உழைப்புக்காக ரப்பரைக் கெட்டியாக்கினால் ஈரத்தில் பிடிப்பு குறைவது பொதுவான அனுபவம். நைட்ரஜன் காற்று பற்றியும் நிறையக் கேட்கிறார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அதில் ஓர் அற்புதமும் இல்லை.

வயதைப் பற்றிச் சொல்ல வேண்டும், குறிப்பாக ஸ்ரீரங்கத்திலிருந்து வந்திருக்கும் பெரியவர்களுக்கு. உத்திர வீதியிலும் சித்திர வீதியிலும் வீட்டு வாசலில் துணி போர்த்தி நிற்கும் கார்கள் எத்தனை! பிள்ளைகள் வெளிநாட்டில். மாதத்துக்கு இரண்டு முறை ஆஸ்பத்திரிக்கு, எப்போதாவது விமான நிலையத்துக்கு. எட்டு வருடத்தில் 15,000 கிலோமீட்டர்கூட ஓடியிருக்காது. பட்டன் புதிது போலவே இருக்கும். அதுவே ஏமாற்றிவிடும். ரப்பர் ஓடாமலே மூப்படைகிறது. காற்றில் இருக்கும் ஆக்சிஜனும் ஓசோனும் வெயிலும் சேர்ந்து அதன் நெகிழ்ச்சியைத் தின்கின்றன. பக்கச் சுவரிலும் பட்டன் இடுக்கிலும் மெல்லிய வெடிப்புக் கோடுகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2317 என்றால் 2017-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஐந்து ஆண்டு ஆனபின் ஒவ்வோர் ஆண்டும் தெரிந்தவரிடம் காட்டிச் சோதிக்க வேண்டும், பத்து ஆண்டு ஆகிவிட்டால் எப்படி இருந்தாலும் மாற்றிவிட வேண்டும் என்பது பல தயாரிப்பாளர்கள் சொல்வது. நம் வெயிலுக்குப் பத்து ஆண்டு வரை காத்திருப்பதே அதிகம் என்பது என் எண்ணம். அமெரிக்காவிலிருந்து பிள்ளை வந்து, அம்மா அப்பாவை ஏற்றிக்கொண்டு, அந்த வண்டியை நேராக நாற்கரச் சாலையில் 110-இல் விடுவதை நினைத்தால் எனக்கு உண்மையாகவே பயமாக இருக்கிறது.

பழைய டயர் கடைகளில் வாங்குகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். மேலே பட்டன் நன்றாக இருக்கும், விலை பாதிதான். முன்னால் வைத்திருந்தவர் பஞ்சரோடு எத்தனை கிலோமீட்டர் உருட்டினார் என்பது உங்களுக்குத் தெரியாது. சூட்டில் அடிபட்ட டயர் மறுபடி காற்றடித்தால் குணமாவதில்லை. உங்கள் டயரே பஞ்சராகி ரிம்மிலிருந்து கழற்றினால், உள்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். கரும்பொடி உதிர்ந்திருந்தாலோ, உள்சுவரில் சுற்றிலும் தேய்ந்த வளையம் தெரிந்தாலோ, அந்த டயருக்குப் பஞ்சர் ஒட்டுவது வீண்.

இவ்வளவு நேரம் வெயிலைப் பற்றிப் பேசினேன். பட்டனின் வேலையோ மழையில். காய்ந்த சாலையில் பட்டன் தேவையே இல்லை. பந்தயக் கார்கள் கோடில்லாத மொட்டை டயரில்தான் ஓடுகின்றன. நம்மைக் கெடுப்பதும் இதுதான். ஜனவரி முதல் செப்டம்பர் வரை பெரும்பாலும் காய்ந்த சாலையில் மொட்டை டயர் நன்றாகவே பிடிக்கிறது, ‘இன்னும் ஓடும்’ என்று நம்பிக்கை வந்துவிடுகிறது. ஐப்பசியில் முதல் கனமழை பெய்யும் அன்று மாலை, குடமுருட்டிப் பாலம் தாண்டி, கம்பரசம்பேட்டை, முத்தரசநல்லூர், ஜீயபுரம் என்று வளைந்து வரும் இந்தக் கரூர் சாலையில் அந்த நம்பிக்கை உடைகிறது. ஒரு பக்கம் ஆறு, எதிரே பேருந்து, ஒதுங்க இடமில்லை.

185 மில்லிமீட்டர் அகலமுள்ள டயர், 3 மில்லிமீட்டர் தண்ணீர் நிற்கும் சாலையில், 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. ஒவ்வொரு வினாடியும் 12 லிட்டர் தண்ணீரை அது வழியிலிருந்து அகற்றியாக வேண்டும். வினாடிக்கு ஒரு குடம், ஒரு சக்கரத்துக்கு. எங்கே அனுப்புவது? காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் இந்த முக்கொம்பில் நின்றுகொண்டு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை. வெள்ளக் காலத்தில் காவிரி தாங்காத தண்ணீரைக் கொள்ளிடம் வாங்கிக்கொள்வதால்தான் ஸ்ரீரங்கமும் தஞ்சைத் தரணியும் பிழைத்திருக்கின்றன. அதை ஒழுங்குபடுத்தவே ஆர்தர் காட்டன் 1836-இல் தொடங்கி இங்கே மேலணையைக் கட்டினார். டயரைச் சுற்றி ஓடும் அகலமான மூன்று நான்கு பள்ளங்களும் டயரின் கொள்ளிடங்கள். ஓரத்தை நோக்கிப் போகும் சின்னப் பள்ளங்கள் வாய்க்கால்கள். புது டயரில் 7, 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். தேயத் தேய ஆறு மேடாகிறது. வெள்ளம் போக வழி இல்லாவிட்டால் டயர் தண்ணீரின் மேல் ஏறி மிதக்கும். அப்போது ஸ்டீயரிங் பஞ்சு போல லேசாகிவிடும். பிரேக்கை எவ்வளவு மிதித்தாலும் பயனில்லை. வெள்ளத்தின் வலு என்னவென்று முக்கொம்புக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2018 ஆகஸ்ட் 22 இரவு கொள்ளிடம் அணையின் 9 மதகுகள் போனதை அறிந்தவர்கள் நீங்கள்.

எந்த வேகத்தில் மிதக்கும் என்று 1960-களில் நாசா ஆராய்ச்சியாளர் வால்டர் ஹார்ன் குழுவினர் விமான டயர்களைக் கொண்டு சோதித்தார்கள். தண்ணீரின் ஆழம் பட்டனின் ஆழத்தைத் தாண்டிவிட்ட நிலைக்கு அவர்கள் தந்த சூத்திரத்தில் டயரின் காற்றழுத்தம்தான் முக்கியம். அதைக் காருக்குப் போட்டுப் பார்த்தால் 33 பாயிண்டில் சுமார் 95 கிலோமீட்டர் வேகத்தில் மிதக்கத் தொடங்கும். 25 பாயிண்டில் சுமார் 83-லேயே. பாருங்கள், வெயிலுக்குப் பயந்து குறைத்த காற்று மழையிலும் நம்மைக் கவிழ்க்கப் பார்க்கிறது.

கார் டயரில் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் பட்டன் ஆழம் இருக்க வேண்டும், இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகளில் 0.8 இருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. அளக்கக் கருவி வேண்டாம். பள்ளத்துக்குள்ளேயே குறுக்காகச் சின்ன ரப்பர் மேடுகள் வைத்திருப்பார்கள். டயரின் தோளில் சின்ன முக்கோணம், அல்லது டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்து, அந்த மேடு எங்கே என்று காட்டும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் காலம் முடிந்தது. 1.6 என்பது சட்டத்துக்குத் தப்பிக்கும் அளவு. மழைக்கு அது போதாது. புரட்டாசியில் உங்கள் டயர் 3 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் தீபாவளி போனஸுக்குக் காத்திருக்காமல் மாற்றுங்கள். பார்க்கும்போது நடுவிலும் இரு ஓரங்களிலும் பாருங்கள். இரு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவாக ஓட்டியிருக்கிறீர்கள். நடு மட்டும் தேய்ந்திருந்தால் அதிகம். ஒரே ஓரம் என்றால் அலைன்மெண்ட்.

காற்றை எப்போது பார்ப்பது? காலையில், வண்டி எடுக்கும் முன், அல்லது இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள். எவ்வளவு என்பதை ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையில் பாருங்கள். பல வண்டிகளில் இரண்டு கணக்கு இருக்கும்: குறைந்த ஆட்களுக்கு ஒன்று, முழுச் சுமைக்கு ஒன்று. குடும்பத்தோடு கிளம்பும் நாளில் இரண்டாவது கணக்கு. டயரின் மேல் இருக்கும் 44, 51 என்பது உச்ச வரம்பு. அதைப் பார்த்துப் பிடிக்காதீர்கள். சென்னையிலிருந்து ஓடி வந்து சமயபுரம் பக்கம் பங்க்கில் நிறுத்திப் பார்த்தால் 38 காட்டும். ‘கூடிப்போச்சு’ என்று ஐந்தை இறக்கிவிட்டால் மறுநாள் காலை 28-தான் இருக்கும். சூடான டயரில் காற்றை இறக்கவே கூடாது. ஸ்டெப்னியையும் மறக்காதீர்கள். 2020-இல் வந்த விதித் திருத்தப்படி, காற்று எச்சரிக்கைக் கருவியும் பஞ்சர் கிட்டும் உள்ள ட்யூப்லெஸ் கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை. புது வண்டி வாங்குகிறவர்கள் டிக்கியைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனையும் பார்த்தும் ஆணியோ கல்லோ டயரைக் கிழித்து அது வெடிக்கலாம். அந்த நொடியில் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். போக விடாதீர்கள். சட்டென்று பிரேக் அடித்தால் வெடித்த பக்கம் வண்டி சுழன்றுவிடும். இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்து வண்டியை நேராக வைத்திருங்கள். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுங்கள். வேகம் தானாக இறங்கட்டும். நன்றாகக் குறைந்தபின் இண்டிகேட்டர் போட்டு இடப்பக்கம் ஒதுங்குங்கள். எல்லோரையும் இடப்பக்கமாக இறக்கி, சாலைத் தடுப்புக்கு வெளியே நிற்க வையுங்கள். வண்டிக்குப் பின்னால் யாரும் நிற்க வேண்டாம். முக்கோண எச்சரிக்கைப் பலகையை நன்றாகத் தள்ளிப் பின்னால் வைத்துவிட்டு, தேசிய நெடுஞ்சாலையாக இருந்தால் 1033 என்ற உதவி எண்ணை அழையுங்கள். ஸ்டெப்னி மாட்டுவதை உதவி வந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.